மடங்காத முழங்கால்

ஏணியிலிருந்து விழுந்த எலக்ட்ரீஷியனின் முழங்கால் ஆறிவிட்டது. ஆனாலும் மடங்க மறுக்கிறது. பிசியோதெரபி படிக்கும் பயிற்சி மாணவி அவர் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். “இன்னிக்குக் கை வைக்காதீங்க, பேசிப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் பயிற்சியாசிரியை சுவரோரம் நிற்கிறார். அவளுக்கோ கை பரபரக்கிறது; விரல்கள் ஒன்றையொன்று நெரிக்கின்றன. ஜன்னல் திரை படபடக்க, வெயில் எலக்ட்ரீஷியனின் காலில் விழுவதும் விலகுவதுமாக இருக்கிறது. “காலை மடக்கும்போது எதை நினைச்சுப் பயமா இருக்குண்ணே?” அவர் துண்டின் நூலைப் பிரிக்கிறார். வேறு ஏதாவது கேட்கலாமா என்று வாய்வரை வந்ததை அவள் விழுங்குகிறாள். “வலிய நினைச்சு இல்லம்மா,” என்கிறார் கடைசியில், கதவைப் பார்த்தபடி. “கால் சரியாயிட்டா மறுபடியும் ஏணியில ஏறச் சொல்வாங்களே.” எல்லோரிடமும் அவள் சொல்லும் ‘சீக்கிரம் சரியாயிடும்’ இவரைப் பயமுறுத்தும் வார்த்தை என்று அவளுக்குப் புரிகிறது. நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போடுகிறாள்.