கெடாத கொடுவா

"ஒன்பது நாளா ஒரு கொடுவா மீன் கெடாம இருக்குமாடா? என்னா மருந்துடா போடுறா அந்த மேரி?"

பாண்டிச்சேரிக்கு மீன் ஏற்றிப்போகிற வண்டிக்காரர் சிங்காரம் கேட்டதும் கலையரசனுக்குச் சுருக்கென்றது. அவனுக்கும் நாலைந்து நாளாக அதே யோசனைதான்.

மரக்காணம் மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் போடுகிறவன் அவன். எந்த மீன் எத்தனை நாள் தாங்கும் என்று அவனுக்கா தெரியாது? என்னதான் ஐஸ் போட்டாலும் இந்த வெயிலுக்கு மூணு நாளில் கண் மங்கிவிடும். அப்புறம் செவுள் பழுப்பாகும். விரலால் அமுக்கினால் விழுந்த பள்ளம் அப்படியே நிற்கும். மூக்குக்கு வேலையே இல்லை, அதற்குள் ஈ வந்து சொல்லிவிடும்.

ஆனால் அங்கே மீன் விற்கிற சகாயமேரியின் பெட்டியில் கிடக்கிற கொடுவா மட்டும் இப்போதுதான் வலையிலிருந்து எடுத்த மாதிரி முழித்துக்கொண்டிருந்தது.

"விசாரிச்சு சொல்லு. மருந்துன்னு தெரிஞ்சா இந்தப் பக்கம் நான் வண்டியே ஓட்ட மாட்டேன்" என்றார் சிங்காரம்.

வண்டி வராவிட்டால் மார்க்கெட் படுத்துவிடும். ஐஸை யார் வாங்குவார்கள்? சுனாமி அலை வந்த பிறகு ஆறு மாசம் ஒருத்தரும் மீனைத் தொடவில்லை. ஜனம் இப்போதுதான் திரும்பி வருகிறது. மருந்து என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அவ்வளவுதான்.

அந்த மீனை வாங்கியவர் பாத்திமுத்து. துபாயிலிருந்து மகன் ஜமீல் வருகிறான் என்று முதல் நாளே காசு கொடுத்துவிட்டு, வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாததால் மேரியின் பெட்டியிலேயே விட்டுப்போனார். வெள்ளிக்கிழமை வரவேண்டியவனுக்கு டிக்கெட் தள்ளிப்போனது.

"இந்த மீன் கெடுறதுக்குள்ள எம்புள்ள வந்துடுவான் மேரி" என்று சொன்னவர், அதிலிருந்து தினம் காலையில் வந்து செவுளைத் தூக்கிப் பார்ப்பார்.

"யா அல்லா, இன்னும் செவப்பா இருக்குதே!"

"நம்ம ஊரு உப்பு பாயம்மா. ஐஸோட ரெண்டு கை போட்டா மீன் அசையாது. ஜமீலு போன் பண்ணுச்சா?"

"பண்ணான். இதோ வரேன், அதோ வரேன்றான்."

உப்புதானா என்று கலையரசனும் சோதித்துப் பார்த்தான். ஒரு சங்கரா மீனை உப்பும் ஐஸும் போட்டு வீட்டில் வைத்தான். அஞ்சாம் நாள் பொண்டாட்டி சட்டியோடு தூக்கித் தெருவில் வீசினாள்.

அப்போ மருந்துதான்.

சிங்காரம் கேட்ட அன்றைக்கு, மேரியின் பெட்டிக்கு ஐஸ் கொட்டும்போது கத்தியால் அந்தக் கொடுவாவின் வால் ஓரத்தில் ஒரு துண்டு நறுக்கிவிட்டான்.

மறுநாள் பெட்டியைத் திறந்தால் வால் முழுசாக இருந்தது.

"அக்கா, இன்னாக்கா இது? வாலு மொளைச்சிடுச்சா?"

சகாயமேரி சட்டென்று மூடியைச் சாத்தினாள். "கத்தாதடா பாவி."

"மருந்து போடுறியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"மருந்தா! என் புள்ளைங்களும் இதே மீனைத்தான்டா துன்னுதுங்க. தினம் விடியக்காலைல புதுசு ஒண்ணு வாங்கி வைக்கிறேன். முந்தின நாள் மீனை, நேத்து மீனுன்னு சொல்லியே வித்துடுறேன். போதுமா?"

"ஏன்க்கா, பைத்தியமா உனக்கு?"

"நாலாம் நாளே கண்ணு உள்ள போயிடுச்சுடா. மீன் கெடுறதுக்குள்ள புள்ள வந்துடுவான்னு அந்தம்மா வாய்விட்டுச் சொல்லியிருக்கு. நான் போயி கெட்டுப்போச்சுன்னா அது என்னா ஆவும்? யோசிச்சுப் பாரு."

கலையரசன் நேரே போய், மருந்தெல்லாம் ஒன்றுமில்லை என்று சிங்காரத்திடம் சொன்னான். வண்டி வழக்கம்போல நிரம்பிக் கிளம்பியது.

ஆனால் அவனுக்கு மனசு ஆறவில்லை. நல்லதுக்கே என்றாலும் ஏமாற்றுவது ஏமாற்றுவதுதானே? அந்தம்மா பாவம், தன் மீன் என்று நம்பித் தினம் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறது. எதையும் வயிற்றுக்குள் வைத்துக்கொள்கிற ஆளும் இல்லை அவன்.

அன்றைக்கும் மீனைப் பார்த்துவிட்டு வெளியே வந்த பாத்திமுத்துவை வாசலிலேயே மடக்கினான்.

"பாயம்மா, சொன்னா கோச்சுக்காதீங்க. அது நீங்க வாங்குன மீனு இல்ல."

பாத்திமுத்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார்.

"நான் வாங்குனது ரெண்டு கிலோ. இன்னிக்குக் கிடக்குறது மூணு கிலோவுக்குக் குறையாது. ஐஸ்ல மீன் வளருமா தம்பி?"

"தெரிஞ்சுக்கினேவா தினம் வர்றீங்க? ஜமீல் வர்ற வரைக்கும் இப்படியேவா?"

"அவன் வரலப்பா. முதலாளி லீவு தரல, இந்த வருஷம் இல்லன்னு அஞ்சாம் நாளே போன் பண்ணிட்டான்."

கலையரசனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்போ மேரியக்காகிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

பாத்திமுத்து மார்க்கெட்டைத் திரும்பிப் பார்த்தார். மேரி யாரிடமோ கத்திப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

"எப்படிப்பா சொல்றது? அவன் வரலன்னு நான் ஒரு நாள் அழுதேன், ஆச்சு. தினம் இருட்டுல எழுந்து அவனுக்காக மீன் தேடுறாளே, அவ தாங்குவாளா?"