ஈஸ்ட் கேட்டு வந்தவர்

“அம்மா, உன் பழைய புருஷன் வர்றார். வேற எதுக்கு, ஈஸ்ட் கேட்டுத்தான்!”

ஜன்னலோரம் நின்ற இங்குன் எரிச்சலோடு சொன்னாள். பெர்கன் நகரத்திலிருந்து வாரக்கடைசிக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

ராக்னா அவசரமாக ஏப்ரனை அவிழ்த்தாள். தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். அதற்குள் மகள் போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

வாசலில் ஐவின். பனி படிந்த தொப்பி கையில் இருந்தது.

“அட, நீ எப்ப வந்தே? அம்மா இருக்காளா? கிறிஸ்துமஸுக்கு பீர் காய்ச்சணும். என் ஈஸ்ட் செத்துப்போச்சு, அதான் கொஞ்சம்...”

“போன கோடையிலயும் செத்துச்சு. அதுக்கு முன்னாடி ஈஸ்டருக்கும் செத்துச்சு. நாப்பது வருஷமா பீர் காய்ச்சறீங்க. நுரையை வழிச்சுக் காயவெச்சு, அடுத்த தடவைக்கு எடுத்து வெக்கத் தெரியாதாப்பா உங்களுக்கு?”

“வயசாகுது இல்ல... மறதி.”

“ஒன்பது வருஷம் முன்னாடி பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பினீங்களே, அன்னிக்கே அம்மா பாதி ஈஸ்ட்டைப் பிரிச்சுக் குடுத்தா. அதைக் காப்பாத்தத் துப்பில்ல. கடையில விக்குது, போய் வாங்கிக்குங்க.”

ஐவின் மகளின் தோளுக்கு மேலாக உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

“எதுக்குடி விரட்டினே? ஈஸ்ட் கேட்டு வந்தவங்களை இந்தப் பக்கத்துல யாரும் வெறுங்கையா அனுப்பறதில்ல.”

“அவர் போனப்போ நீ அழுத அழுகையைப் பாத்தவ நான். உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கல.”

ராக்னா அவர் சாலை வளைவில் மறையும்வரை ஜன்னலருகே நின்றாள். அப்புறம் ஃப்ரீசரைத் திறந்து, தேதி எழுதி ஒட்டிய சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“எனக்காகக் குடுத்துட்டு வா.”

முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினாள் இங்குன்.

ஏரிக்கரையில் அப்பா வீட்டுக் கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சமையலறை முழுக்க பீர் வாசனை. மூலையில் மரப்பீப்பாய். அதில் நுரை விளிம்பு தாண்டிப் பொங்கிக்கொண்டிருந்தது. ஐவின் நீளக் கரண்டியால் அதை வழித்து, மேஜையில் விரித்த காகிதத்தில் மெல்லிசாகத் தடவிக்கொண்டிருந்தார்.

“செத்துப்போச்சுன்னீங்க?”

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். “இது வந்து... இப்பத்தான் பக்கத்து வீட்டுல ஈஸ்ட் வாங்கி...”

“முந்தாநாளே போட்ட பீர் மாதிரியில்ல இருக்கு! சரி, அம்மா குடுத்தனுப்பினா. ஃப்ரீசர்ல வெச்சுட்டுப் போறேன்.”

“வேண்டாம்மா, என்கிட்ட குடு, நானே...”

அதற்குள் அவள் ஃப்ரீசரைத் திறந்துவிட்டாள். உள்ளே தட்டு நிறையப் பொட்டலங்கள். எல்லாவற்றிலும் அம்மாவின் கையெழுத்து. போன கோடை, போன ஈஸ்டர், அதற்கும் முந்தைய கிறிஸ்துமஸ்... ஒன்றில்கூட ஒட்டின டேப் பிரியவில்லை.

ஐவின் நாற்காலியில் உட்கார்ந்தார். கரண்டியிலிருந்து நுரை தரையில் சொட்டியது.

“போறேன்னு கத்திட்டுப் போனவன் நான். திரும்பி வரட்டுமான்னு கேக்க வாய் வரமாட்டேங்குது. ஈஸ்ட் இருக்கான்னு கேக்க மட்டும்தான் வருது. கேட்டா உள்ளே வரச் சொல்லுவா. ஒரு காபி குடிக்கற நேரம் அவ எதிர்ல உக்காந்திருக்கலாம்.” கொஞ்சம் நிறுத்தினார். “அவகிட்ட சொல்லிடாதேம்மா.”

இங்குன் வெளியே வந்தாள். வழியெல்லாம் யோசித்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் இத்தனை வருஷமாக அம்மாவை முட்டாளாக்கியிருக்கிறாரே! சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“அம்மா, அவர் உன்னை ஏமாத்தறார். வீட்டுல பீர் பொங்குது. அவர் ஈஸ்ட் நல்லா உயிரோட இருக்கு. நீ குடுத்த பொட்டலம் அத்தனையும் ஃப்ரீசர்ல அப்படியே கிடக்கு.”

ராக்னாவின் கையிலிருந்த கோப்பை மேஜைக்கு வந்தது.

“ஒண்ணைக்கூடப் பிரிக்கலையா?”

“ஒண்ணைக்கூட!”

“நல்லாப் பாத்தியா?”

“என் கண்ணால பாத்தேன்மா. கோபம் வரலையா உனக்கு?”

ராக்னாவின் முகம் மெல்லச் சிவந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“அப்பாடா! ஒண்ணைப் பிரிச்சிருந்தாலும் நான் மாட்டியிருப்பேன். என் ஈஸ்ட் செத்து ஆறு வருஷமாச்சுடி. அதைச் சொன்னா அவர் வர்றது நின்னுடுமேன்னு, ரொட்டியைக் காயவெச்சு நொறுக்கிப் பொட்டலம் கட்டிக் குடுத்துக்கிட்டிருக்கேன்.”