சொல்லாமல் கிளம்ப வேண்டிய வீடு

பேச்சிமுத்துக்குப் பேரில் மட்டும்தான் பேச்சு. இருபது வருசமாக உப்பளத்தில் உப்பு வாரியும் கூட்டாளி என்று ஒருத்தன் கிடையாது. நாற்பத்தைந்து வயதில் காதுமணி என்ற சின்னப் பேசும் கருவி ஒன்றை வாங்கிப் போட்டான். ஆளைப் பார்த்து என்ன பேச வேண்டும் என்று அது காதுக்குள் சொல்லும். இவன் அதையே வாயால் சொல்வான். தலைத்துண்டு மறைத்திருந்ததால் யாருக்கும் தெரியாது. அப்படித்தான் பக்கத்துப் பாத்தி சுயம்பு கூட்டாளியானான். மூன்று மாதமாக இரண்டு பேரும் ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டார்கள்.

சுயம்புவின் அம்மா இறந்தபோது பேச்சிமுத்து துட்டி விசாரிக்கப் போனான். மணி சொன்னபடி ஆறுதல் சொன்னான். அழவும் செய்தான். எழுந்தபோதும் அது சொல்ல, இவனும் சொன்னான்.

“போய்ட்டு வாறேன்.”

சாவு வீட்டில் சொல்லாமல் கிளம்ப வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். காது கேட்டதை வாய் சொல்லிப் பழகிவிட்டது.

“இன்னும் யாரு சாவணும்னு திரும்பி வாறீரு?” என்றாள் சுயம்புவின் அக்கா.

மறுவாரம் பேச்சிமுத்து மணியைக் கழற்றிப் போட்டுவிட்டு சுயம்புவிடம் போனான்.

“அது நான் சொல்லல. காதுல போட்டிருந்த மணி சொல்லிச்சு. இத்தன நாளும் அதுதான்...”

சுயம்பு உப்பு வாருவதை நிறுத்தினான்.

“அன்னைக்கு எங்கம்மைக்காக அழுதீரே வே. அதுவும் மணிதானா?”

அது மட்டும் அவன் சொந்த அழுகை. அதைச் சொல்ல வார்த்தை தேடினான், கிடைக்கவில்லை. சுயம்பு கொஞ்சம் காத்திருந்து பார்த்தான். பிறகு திரும்பி உப்பு வாரத் தொடங்கினான்.