இரண்டு புள்ளிக் காது

ஒசாகாவின் பழைய வீடியோ கேம் கடையில், மத்தியான வெயில் கண்ணாடி வழியே விழுந்து டிவி திரையைப் பாதி வெளுக்க வைக்கிறது. கல்லூரிப் பெண் ஒருத்தி கட்டைவிரல் சிவக்கப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறாள். திரையில் குட்டி நரி பள்ளம் பள்ளமாகத் தாண்டுகிறது. "குதிக்கிறப்போ காது பின்னாடி மடங்குது பாருடி! இதுக்காகவே குதிச்சிட்டிருக்கேன்," என்கிறாள் தோழியிடம். பின்னால் நிற்கும் சிஸுரு குனிந்து திரையை எட்டிப் பார்க்கிறாள். இளவயதில், கேம் கம்பெனி வேலையில், அந்த நரியைத் திரைப் புள்ளிகளால் வரைந்தவள் அவள்; காது மடங்குவதற்கு இரண்டே புள்ளி. "ரெண்டு புள்ளியை எவன் பார்க்கப் போறான்?" என்று மேலாளர் அழிக்கச் சொன்னபோது, மாட்டேன் என்று நின்றவள். "சொல்லும்மா," என்று மகள் மிவாகோ முழங்கையால் இடிக்கிறாள். சிஸுரு நிமிர்கிறாள். "அந்தக் காது நான் போட்டது." பெண் விருட்டென்று திரும்புகிறாள். "நீங்களா!" எழுந்து நின்று, குனிந்து வணங்கி, கன்ட்ரோலரை இரண்டு கையாலும் சிஸுருவிடம் நீட்டுகிறாள். நரி பள்ளத்தில் விழுகிறது, யாரும் பார்க்கவில்லை.