அமெரிக்காவிலும் கைதட்டல்

“வியன்னாவுல ரெண்டு வருஷம் ஓடின இசை நாடகமாச்சே! அமெரிக்காக்காரங்களுக்குப் பிடிச்சிருக்கா, லவினா?” என்று பெங்களூர் பிரேசர் டவுன் வீட்டிலிருந்து போனில் கேட்டாள் அம்மா பெர்னதெத்.

“எழுந்து நின்னு கைதட்டுறாங்கம்மா.”

உண்மையில், சோகம் தாங்காமல் பாதிப் பேர் இடைவேளையிலேயே எழுந்து போனார்கள். பதினோராம் நாள் நாடகத்தையே நிறுத்திவிட்டார்கள்.

“சர்ச்ல எல்லார்கிட்டயும் உன் பேச்சுதான். கிறிஸ்துமஸுக்கு வருவியா?”

“லீவு கிடைக்காதும்மா.”

“பரவால்ல கண்ணு. நீ பாடினா போதும்.”

போனை வைத்ததும், ஹெப்பகோடி விடுதி அறையில் லவினா உடைந்து அழுதாள். பெங்களூருக்குத் திரும்பி மூன்று வாரமாகிறது. போன ஞாயிறு சர்ச்சுக்கு எதிரே நின்று, பூசை முடிந்து அம்மா படியிறங்கிப் போவதைப் பார்த்துவிட்டு, கூப்பிடாமலே வந்திருந்தாள்.