கூகையின் சர்வர்

கடைசிப் பொம்மைக்கு ஜெரால்டு என்று பெயர் வைத்தாள்.

அதற்கு முன் வைத்தவை சுடலை, மின்னல், ரூபன், டான் முத்து.

எல்லாம் கணினியே ஓட்டும் ஆட்டக்காரர்கள். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் ஆள் சேராத நேரத்தில் இடத்தை நிரப்ப இவற்றை இறக்கிவிடுவார்கள். ஓடும், ஒளியும், சுடும். வாய் மட்டும் கிடையாது.

அந்த வாய் இல்லாத குணத்துக்காகவே அவற்றைக் கும்பிடலாம் என்று நினைத்தாள்.

பொம்மைகளின் திறமை என்ற இடத்தில் ஆகக் குறைந்ததைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

சுடலையைச் சுட்டாள். மின்னலைச் சுட்டாள். ரூபன் சுவரைப் பார்த்தபடி நின்றான். முதுகில் சுட்டாள். ஜெரால்டை மட்டும் கத்தியால் குத்தினாள். அவன் மறுபடி எழுந்து வர வர, மறுபடி குத்தினாள்.

ஆத்திரம் தீரவில்லை.

குத்து வாங்குகிறவனுக்குக் குத்துவது யார் என்று தெரிய வேண்டாமா?

ஆட்டம் நடக்கும் இந்தச் சர்வர் அவளுடையது. வரைபடங்களை ஏற்றியது, விதிகளை எழுதியது, ஏமாற்றி விளையாடியவர்களைத் துரத்தியது எல்லாம் அவள். அங்கே அவள் பெயர் கூகை. மைக் பக்கமே போக மாட்டாள். சொல்ல வேண்டியதைத் தட்டச்சில் சொல்லிவிடுவாள். தட்டச்சில் எல்லாரும் எல்லாருக்கும் 'லே'தான், பையன்கள் தங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்ளும் 'லே'. கூகையையும் ஒரு பையன் என்றே நினைத்திருந்தார்கள்.

உண்மையான ஜெரால்டு தினமும் அங்கே வருகிறவன். வேலை கிடைக்காத கதை, அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கதை எல்லாவற்றையும் கூகையிடம்தான் கொட்டியிருக்கிறான். ஆட்டம் முடிந்து மற்றவர்கள் போன பிறகும் இருந்து கொட்டுவான். அவளும் உட்கார்ந்து படிப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் முதுகுக்குப் பின்னால் எதிரணி ஆள் ஒருவன் வந்தான். தட்டச்சு செய்ய நேரமில்லை. மைக் பொத்தானை அழுத்திவிட்டாள்.

"ஜெரால்டு, பின்னால."

அவன் திரும்பினான். பிழைத்தான்.

அவள் குரலோடு அடுப்படியிலிருந்து குக்கர் விசிலும் போயிருந்தது.

பிறகு ஆரம்பித்தார்கள். ஆன்ட்டி என்றார்கள். குழம்பு அடிப்பிடிக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார்கள். ஒருவன் மைக்கில் விசில் மாதிரியே ஊதிக் காட்டினான். அதன்பின் எதிரணி, சொந்த அணி என்ற பேதம் இல்லாமல் எல்லாத் துப்பாக்கிகளும் அவள் பக்கம் திரும்பின.

சமைத்தது அவள் இல்லை. அவளுடைய அப்பா. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை அவர் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டார். இதை அந்தக் கும்பலிடம் விளக்கிக்கொண்டா இருக்க முடியும்?

பிறகு திரையில் வாக்கெடுப்பு வந்தது.

கூகையை வெளியேற்றலாமா?

கொண்டுவந்தவன் ஜெரால்டு.

சர்வர் வைத்திருப்பவரை வாக்குப் போட்டு வெளியேற்ற முடியாதபடி ஓர் ஏற்பாடு உண்டு. அவள் அதைத் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் சமமாக இருக்கட்டும் என்று நினைத்த கூறுகெட்டவள்.

வெளியே வந்து விழுந்தாள். தான் கட்டிய வீட்டிலிருந்து.

மறுநாள் போய்ப் பார்த்தபோது ஒருத்தனும் இல்லை. கூண்டோடு வேறு சர்வருக்குப் போய்விட்டார்கள். சர்வர் திரும்பக் கிடைத்துவிட்டது. கூகையாக அதில் இருக்க முடியுமா என்பதுதான் தெரியவில்லை. அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

இப்போது பொம்மைகளின் திறமையை ஆக மேலே ஏற்றினாள். தோற்றாலும் பரவாயில்லை, சண்டையாவது சண்டையாக இருக்கட்டும்.

சுடலை மறைந்தான்.

உண்மையான ஆள் ஒருவர் உள்ளே வந்தால் ஒரு பொம்மை விலகி இடம் விட வேண்டும். அவள் வைத்த விதிதான்.

பட்டியலைப் பார்த்தாள். புதிதாக ஒரு பெயர்.

ஜெரால்டு (1).

அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவன் உள்ளே இருக்கிறான். அதனால் உண்மையானவனுக்கு எண் போட்டுக் கொடுத்திருந்தது சர்வர்.

அவனைத் தடைசெய்ய ஒரு சொடுக்கு போதும். செய்யவில்லை. அவ்வளவு லேசில் விட்டுவிடுவதா?

பொம்மைகள் எல்லாவற்றையும் ஓர் அணியில் தள்ளினாள். எதிரணியில் அவன் ஒருத்தன். தான் ஆட்டத்திலிருந்து விலகிப் பார்வையாளராக உட்கார்ந்துகொண்டாள்.

மின்னல் சுட்டான். ரூபன் சுட்டான். டான் முத்து சுட்டான்.

செத்தான். எழுந்து வந்தான். செத்தான்.

போய்விடுவான் என்று நினைத்தாள். அவன் போகவில்லை. எழுந்து வந்துகொண்டே இருந்தான்.

பிறகு ஹெட்போனில் அவன் குரல், தயங்கித் தயங்கி.

"லே கூகை, நான் செஞ்சது தப்புத்தான். எல்லாம் என்னையேல்லா சுடுது. பின்னால எவனும் வந்தா ஒரு வார்த்தை சொல்லுல."

லே என்றான். ஆன்ட்டி என்று சொல்லவில்லை.

அதைத் தான் கவனித்ததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு 'லே' போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? வாக்குக் கேட்டவனுக்கு இப்போது வார்த்தை வேண்டுமாம்.

திரையில் அவன் ஒரு சுவரோரம் பதுங்கியிருந்தான்.

அவன் முதுகுக்குப் பின்னால், அவன் பெயரையே வைத்திருந்த பொம்மை, துப்பாக்கியை உயர்த்தியபடி வந்துகொண்டிருந்தது.

அடுப்படியில் அப்பாவின் குக்கர் விசிலடிக்க ஆரம்பித்தது.

மைக் பொத்தானை அழுத்தினாள்.

வாயைத் திறக்கவில்லை. விசில் மட்டும் அவன் காதுக்குப் போகட்டும்.

விசில் அடங்கும்வரை விரலை எடுக்கவும் இல்லை.