மேற்குச் சுவர்

கைலாசம் இறந்தது அடைப்பு நட்சத்திர நாளில். அந்த நாளில் இறந்தவரின் பிணத்தை வாசல் வழியே எடுக்கக்கூடாது. மேற்குச் சுவரை இடித்துத்தான் எடுக்க வேண்டும். மேட்டூர் அணை வேலையிலிருந்து வந்திருக்கும் கொத்தனார் சின்னண்ணன் சம்மட்டியையும் உளியையும் சாக்கின்மேல் வைக்கிறார். “சம்மட்டியில நாலு போட்டா உழுந்துருமுங்க. பொழுது எறங்கறதுக்குள்ள எடுக்கோணுமில்லீங்களா?” சுவரோரம் நிற்கும் கைலாசத்தின் மனைவி ராமாத்தாள் உளியைக் காட்டுகிறாள். அறை முழுக்க விளக்குப் புகை. ஒவ்வொரு உளியடிக்கும் செம்மண் பொலபொலவென்று உதிர்கிறது. முதல் செங்கல் பெயர்ந்ததும் உள்ளங்கையளவு வெயில் கைலாசத்தின் மூடிய கண்களில் விழுகிறது. “காரியம் முடிஞ்சதும் அடச்சுத் தாரனுங்க,” என்கிறார் சின்னண்ணன். ராமாத்தாள் அந்த வெயிலையே பார்க்கிறாள். “அடைக்க வேண்டாமுங்க. இந்தச் செவுத்துல ஒரு சன்னல் வெய்யுங்கன்னு அவருகிட்ட இருவது வருசமாக் கேட்டனுங்க. ஓரத்த நேராக் கொத்துங்க.”